மாதிரி ரயில் பாதை: பலகை வாங்கும் முன் ரயிலை அளந்துகொள்ளுங்கள்

வீட்டில் மாதிரி ரயில் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்வது, எட்டுக்கு நாலு பிளைவுட் ஒன்றை வாங்கி வருவது. அதில் என்ன கொள்ளும் என்ற யோசனை பிறகுதான் வருகிறது. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் அளக்க வேண்டியது ரயிலை. மாதிரி ரயில்களில் எச்.ஓ. என்ற அளவு, நிஜ ரயிலின் 87-ல் ஒரு பங்கு. அந்த அளவில் நம் ஐ.சி.எஃப். (சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலை) பெட்டி ஒன்று சுமார் 25 செ.மீ. வரும். ஐந்து பெட்டியும் எஞ்சினும் சேர்ந்தால் ஒன்றரை மீட்டர். எட்டடிப் பலகையில் 46 செ.மீ. ஆரத்தில் இரு முனையும் வளைத்துவிட்டால், மிஞ்சும் நேர்ப்பகுதி 140 செ.மீ. சொச்சம்தான். ரயிலே நிற்க முடியாத இடத்தில் நடைமேடை எங்கே, லூப் லைன் (பிரிந்துபோய் மீண்டும் சேரும் பக்கத் தடம்) எங்கே? ஆரத்தை 61 செ.மீ. ஆக்கினால் நீளமான பெட்டிகள் அழகாகத் திரும்பும். ஆனால் நாலடி அகலம் தண்டவாளத்துக்கே சரியாகிவிடும். ஓரத்தில் விரல்கடை இடமும் இராது.

இராமநாதபுரக் கரையில் இருப்பவர்களுக்குப் பாம்பன் பாலம் இல்லாமல் மனம் ஆறாது. ஆறவும் வேண்டாம். 2 கி.மீ.க்குச் சற்று அதிகமான அந்தப் பாலம் எச்.ஓ.வில் ஏறத்தாழ 24 மீட்டர். எந்த வீட்டிலும் அடங்காது. அதற்காக எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்குவதுதான் பெரிய தவறு. 2025-ல் திறந்த புதிய பாலத்தில், கப்பலுக்கு வழிவிட மேலே உயரும் தூக்குப் பகுதி 72.5 மீட்டர், மாதிரியில் 83 செ.மீ. அதை முழு அளவில் வைத்துக்கொள்ளுங்கள். தூணுக்குத் தூண் உள்ள 18.3 மீட்டர் கண்கள் ஒவ்வொன்றும் 21 செ.மீ. பக்கத்துக்கு மூன்று போதும். மொத்தம் 2 மீட்டர் 10 செ.மீ.க்குள் அடங்கிவிடும், பார்த்த மாத்திரத்தில் பாம்பன் என்று தெரியும். வளைக்காமல், நீளமான சுவரோரம் நேராக ஓடவிடுங்கள்.

தட்டையான பலகையில் கடலுக்கு இடமில்லை என்பதைப் பலர் பாலம் கட்டும்போதுதான் உணர்கிறார்கள். பாதையை மேலே ஏற்றினால் 10 செ.மீ. உயர்வுக்கு, 50-க்கு 1 சரிவில், 5 மீட்டர் ஓட்டம் வேண்டும். பாதை சமமாகவே போகட்டும். பாலத்துக்கு அடியில் மட்டும் சட்டத்தைத் தாழ்த்திக் கடலைக் கீழே இறக்குங்கள். தூக்குப் பகுதி 17 மீட்டர் உயரும், அதாவது மாதிரியில் 20 செ.மீ. கோபுரங்கள் அதற்கும் மேலே நிற்கும். அந்தச் சுவரில் தாழ்வாக அலமாரி இருந்தால் வேறு சுவரைப் பாருங்கள்.

ப வடிவமே இதற்கு ஏற்றது. ஒரு கையில் மண்டபம், நடுவில் பாலம், மறு கையில் ராமேஸ்வரம். ராமேஸ்வரம் கடைசி நிலையம் என்பதால் ரயில் வட்டமிட்டுத் திரும்ப வேண்டியதில்லை. எஞ்சின் கழன்று, லூப் வழியாக மறுமுனைக்கு வந்தால் போதும். எஞ்சின் ஒதுங்கக் கடைசிப் பாயிண்டுக்கு (தடம் பிரியும் இடத்துக்கு) அப்பால் 30 செ.மீ. விடுங்கள். இதை மறந்துவிட்டு, நிலையத்தைக் கட்டி முடித்தபின் தவிக்கிறவர்கள் உண்டு.

சுவரோரப் பலகை 60 செ.மீ. அகலத்தைத் தாண்ட வேண்டாம். கை எட்டாத மூலையில்தான் பெட்டி தடம்புரளும். கடலைப் பார்த்த ஜன்னலடியும் வேண்டாம். உப்புக்காற்று நேரே தண்டவாளத்தில் படிந்து மின்தொடர்பைக் கெடுக்கும். ஈரத்தில் பலகையும் மரச்சட்டமும் உப்பிச் சுருங்கும் என்பதால், நீண்ட நேர்ப்பாதையில் ஆங்காங்கே இணைப்புகளில் சிறு இடைவெளி தேவை.

இவ்வளவையும் தரையில் சுண்ணக்கட்டியால் முழு அளவில் வரைந்து, கதவைத் திறந்து மூடிப் பார்த்த பிறகு பலகைக் கடைக்குப் போங்கள்.