ஐரோப்பாவில் கோடைக்கால ரயில் பயணம்: செலவுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவை ரயிலில் சுற்றிப் பார்க்க விரும்புபவர்கள் பெரும்பாலும், பல நாட்டு ரயில்களிலும் ஏற உதவும் யூரெயில் பாஸின் விலையை முதலில் பார்க்கிறார்கள். அதனுடன் விமானக் கட்டணத்தைக் கூட்டிப் போக்குவரத்துக் கணக்கை அத்துடன் முடித்துவிடுகிறார்கள். பிழை தொடங்குவது அங்கேதான். ரயிலுக்கு எவ்வளவு செலவாகும் என்பதை, எந்த வழியில் போகிறோம், எத்தனை முறை ஊர் மாறுகிறோம் என்பவைதான் தீர்மானிக்கின்றன. பாஸ் வாங்குவதா வேண்டாமா என்ற கேள்விக்கு அதற்குப் பிறகே இடம் உண்டு.

பாஸ் என்பது ரயிலில் ஏறும் உரிமை மட்டுமே. எல்லா ரயில்களிலும் அது இருக்கையைத் தந்துவிடுவதில்லை. பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, ஸ்பெயினின் ஏவிஇ போன்ற அதிவேக ரயில்களில் பாஸ் வைத்திருப்பவரும் இருக்கைக்குத் தனியே பணம் கட்டி முன்பதிவு செய்தாக வேண்டும். இத்தாலியிலும் பிரான்சிலும் உள்நாட்டுப் பயணத்துக்கு இது பெரும்பாலும் 10 முதல் 20 யூரோ வரை ஆகும். லண்டனையும் பாரிஸையும் இணைக்கும் யூரோஸ்டாரில் 30 யூரோவையும் தாண்டும். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பெரியவரின் பாஸுடன் இலவச பாஸ் கிடைக்கும் என்றாலும், முன்பதிவுக் கட்டணம் அவர்களுக்கும் உண்டு என்பதைக் குடும்பத்தோடு செல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய சிக்கல், டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கப்படும் இருக்கைகள் குறைவு என்பது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அவை சீக்கிரமே தீர்ந்துவிடுகின்றன. பிறகு கையில் பாஸ் இருந்தும் முழு விலைக்குத் தனி டிக்கெட் எடுக்க நேரிடும், அதுவும் விலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில்.

ஆகவே வழியை முதலில் முடிவு செய்ய வேண்டும். கொலோன், மியூனிக், சால்ஸ்பர்க், வியன்னா என்று போகும் ஒருவர், முன்பதிவுக்கு ஒரு யூரோகூடக் கொடுக்காமல் பாஸை முழுமையாகப் பயன்படுத்த முடியும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பெரும்பாலான பகல்நேர ரயில்களில் இருக்கை முன்பதிவு கட்டாயமில்லை. (கோடைக்கால வெள்ளி, ஞாயிறு மாலைகளில் சில யூரோ கொடுத்து இருக்கையைப் பிடித்துக்கொள்வது நல்லது, நின்றுகொண்டே நான்கு மணி நேரம் போவது சிக்கனமாகாது.) அதே பாஸை வைத்துக்கொண்டு பாரிஸ், பார்சிலோனா, மாட்ரிட் என்று போகிறவருக்கு ஒவ்வொரு நாளும் கூடுதல் செலவு இருந்துகொண்டே இருக்கும். பிரான்சின் டிஇஆர், இத்தாலியின் ரெஜியோனாலே போன்ற வட்டார ரயில்களில் இந்தக் கட்டணம் கிடையாது. ஆனால் ஃப்ளோரன்ஸிலிருந்து ரோமுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம் என்றால், வட்டார ரயிலில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும். நேரத்தையும் ஒரு செலவாக எழுதிப் பார்த்துவிட்டே எதில் போவது என்று முடிவெடுக்க வேண்டும்.

பாஸின் விலையை நாள்கணக்கில் வகுத்துப் பார்க்காதது இன்னொரு தவறு. ஒரு மாதத்துக்குள் 7 நாள் பயணம் செய்யும் யூரெயில் குளோபல் பாஸின் இரண்டாம் வகுப்பு விலை, பெரியவர்களுக்கு அண்மை ஆண்டுகளில் சுமார் 380 யூரோவாக இருந்தது. அப்படியானால் ஒரு பயண நாளின் விலை ஏறக்குறைய 54 யூரோ. ஃப்ளோரன்ஸிலிருந்து பீசா கோபுரத்தைப் பார்த்து வருவதற்கோ, வியன்னாவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள பிராட்டிஸ்லாவாவுக்கோ அந்த நாளைச் செலவிடுவது வீண். அத்தகைய பயணங்களுக்கு அதைவிடப் பலமடங்கு மலிவாகத் தனி டிக்கெட் கிடைக்கும். இத்தாலிய வட்டார ரயில்களின் விலை தூரத்தைப் பொறுத்தது. முன்கூட்டி வாங்கினாலும் கடைசி நிமிடத்தில் வாங்கினாலும் ஒன்றுதான். நீண்ட தூர ரயில்களில் நிலைமை நேர்மாறானது. ஜெர்மனியின் ஸ்பார்ப்ரைஸ், ஆஸ்திரியாவின் ஸ்பார்ஷீனே போன்ற மலிவுக் கட்டணங்கள் முதலில் வருபவர்களுக்கே கிடைக்கின்றன. நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். மூன்று நான்கு நீண்ட பயணங்கள் மட்டுமே உள்ள திட்டத்துக்கு, சில மாதங்கள் முன்பே எடுத்த தனி டிக்கெட்டுகள் பாஸைவிடக் குறைவாகவே முடியும்.

ஆனால் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு தனி இடர் இருக்கிறது. மேலை நாட்டவர் எழுதும் அறிவுரைகள் இதைப் பேசுவதே இல்லை. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, பயணத்துக்கு முந்தைய 6 மாதங்களுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும். முடிவு தெரிய வழக்கமாக 15 நாள், சில வேளைகளில் 45 நாள்வரை ஆகும். கோடைக்கு முன் நேர்காணல் தேதி கிடைப்பதே கடினம். மலிவு டிக்கெட்டுகளில் பலவற்றுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது. விசா வருவதற்குமுன் அவற்றை வாங்கிக் குவித்துவிட்டு, விசா மறுக்கப்பட்டால் அத்தனையும் போய்விடும். பாஸையோ வாங்கிய 11 மாதங்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆகவே விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், விசா உறுதியாகாத நிலையில் பாஸே பாதுகாப்பானது என்பது என் கருத்து. விசாக் கட்டணமான 90 யூரோவையும் (2024 ஜூன் முதல் இதுதான் தொகை, 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45), குறைந்தது 30,000 யூரோவரை ஈடு தரும் மருத்துவக் காப்பீட்டுக்கான செலவையும் பயணச் செலவின் முதல் வரியிலேயே எழுத வேண்டும். லண்டனையும் சேர்த்துக்கொள்பவர்கள் பிரிட்டனுக்குத் தனி விசா எடுக்க வேண்டும். பாரிஸிலோ லண்டனிலோ குடியிருக்கும் தமிழர்கள், எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், யூரெயிலை அல்ல, ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கான இன்டர்ரெயில் பாஸைத்தான் வாங்க வேண்டும்; குடியிருக்கும் நாட்டுக்குள் அது வெளியே போக ஒருமுறை, திரும்பி வர ஒருமுறை மட்டுமே செல்லும்.

இரவு ரயில் ஏறினால் ஓர் இரவு விடுதி வாடகை மிச்சம் என்று கணக்கிடுவது பாதி உண்மை. மியூனிக்–ரோம் போன்ற நைட்ஜெட் ரயில்களில் பாஸ்காரரும் படுக்கைக்குத் தனியே கட்ட வேண்டும். தனி அறை கேட்டால் அது நல்ல விடுதி வாடகையை எட்டிவிடும். வெறும் இருக்கையில் உட்கார்ந்து இரவைக் கழித்தால் பணம் மிஞ்சும், மறுநாள் பகல் தூக்கத்தில் போகும். பலர் ஒன்றாகப் படுக்கும் சாதாரணப் படுக்கையே நடுத்தரப் பட்ஜெட்டுக்குப் பொருத்தமானது. நள்ளிரவுக்குமுன் ஏறி, வேறு ரயில் மாறாமல் காலையில் இறங்கினால் ஒரே பயண நாள்தான் கழியும். ஏழு நாள் பாஸில் இது பெரிய ஆதாயம்.

சுவிட்சர்லாந்தில் அழகுக்கென்று ஓடும் ரயில்களுக்குக் கூடுதல் கட்டணம் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும். பெர்னினா எக்ஸ்பிரஸ் ஓடும் அதே தண்டவாளத்தில், செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் திரானோவரை சாதாரண ரயில்களும் ஓடுகின்றன; பாஸ் இருந்தால் அவற்றில் முன்பதிவு இல்லாமல் ஏறிக்கொள்ளலாம், இடையில் விரும்பிய நிலையத்தில் இறங்கவும் செய்யலாம். மாறாக, யுங்ஃபிராவுயோக் மலை ரயிலில் பாஸ்காரருக்குத் தள்ளுபடி மட்டுமே உண்டு. கோடையில் அதன் முழுக் கட்டணம் 200 பிராங்கைத் தாண்டுவதால், அதைத் தனித் தலைப்பில் எழுதிவிட்டுத்தான் அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும்.

ஊர்களைக் கூட்டுவதே கோடைச் செலவின் ஊற்று. ஒவ்வொரு புதிய ஊரும் நிலையத்திலிருந்து விடுதிக்கு ஒரு பயணம், லாக்கர் வாடகை, அவசரத்தில் வாங்கும் உணவு ஆகியவற்றைக் கொண்டுவருகிறது. பாரிஸின் வடக்கு நிலையத்தில் இறங்கி லியோன் நிலையத்துக்கு மாறும்போது ஏறும் மெட்ரோ, பாஸில் அடங்காது. ஆம்ஸ்டர்டாமில் விடுதி வாடகையின்மேல் 12.5 சதவீத நகர வரி உண்டு. வெனிஸில் 2024 முதல், குறிப்பிட்ட நாட்களில் பகலில் வந்து திரும்புபவர்கள் நுழைவுக் கட்டணம் செலுத்துகிறார்கள். அங்கேயே இரவு தங்குபவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. பதினைந்து நாளில் எட்டு ஊருக்குப் பதில் நான்கு ஊர் என்று வைத்துக்கொண்டால், விடுதியில் சமையலறை கிடைக்கும், சந்தையில் பழமும் ரொட்டியும் வாங்க நேரம் கிடைக்கும். பாரிஸின் வடக்கு நிலையத்துக்கு அருகிலுள்ள லா சப்பல் பகுதியின் தமிழ்க் கடைகளில் சோறும் கொத்து ரொட்டியும் சுற்றுலாப் பகுதி உணவகங்களைவிட மலிவு. ரோமின் தெருக்குழாய்களில் குடிநீர் இலவசம்.

பணத்தை மாற்றுவதிலும் ஒரு கசிவு உண்டு. கடைக்காரரின் இயந்திரம் ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் யூரோவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ரூபாய் என்று சொன்னால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தின் பின்னால் உள்ள நிறுவனம் தன் ஆதாயத்துக்கேற்ப வைக்கும். செக், ஹங்கேரி, போலந்து, சுவிட்சர்லாந்து ஆகியவை யூரோ நாடுகள் அல்ல என்பதால், அங்கே இதே கேள்விக்கு அந்தந்த நாட்டு நாணயமே சரியான பதில்.

கடைசியாக, தாமதத்துக்கு இடம் விடாத திட்டம். மலிவு டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டுகளில் முதல் ரயில் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவதை மறுபடியும் வாங்க நேரலாம். ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி 60 நிமிடத் தாமதத்துக்கு டிக்கெட் விலையில் 25 சதவீதமும், 120 நிமிடத்துக்கு 50 சதவீதமும் இழப்பீடு கேட்கலாம்; ஆனால் அது தாமதித்த டிக்கெட்டுக்கு மட்டும் கிடைப்பது, தவறிப்போன ரயிலுக்கு அல்ல. முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுப்பது, அல்லது மாறுவதற்கு இடையில் ஒரு மணி நேரமாவது விடுவது, இவை இரண்டுமே செலவில்லாத வழிகள்.