டேலியா பூக்க வைத்த கதை

நுவரெலியாவில் இருந்து கொண்டுவந்த நாலு டேலியா கிழங்கையும் முதல் வருஷம் ஐப்பசியில் மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வளவில் நட்டு, மாரி மழையில் அத்தனையும் பறிகொடுத்தேன். தோண்டிப் பார்த்தால் கூழாக நசிந்து, புளித்த நாற்றம். மெக்சிக்கோ மலைநாட்டுச் செடி, வேரடியில் தண்ணீர் நின்றால் தாங்காது.

அடுத்த முறை வாங்கிய கிழங்குகளைக் காய்ந்த மணலில் புதைத்து வைத்து, மழை ஓய்ந்து தை கடைசியில்தான் நட்டேன். மேட்டுப்பாத்தி, நாலு விரல் ஆழம், கூடவே ஊன்றுகம்பு (பிறகு குத்தினால் கிழங்கு கிழியும்). முளை வரும்வரை தண்ணீர் ஊற்றவில்லை, அந்தக் கை அரிப்பை அடக்குவதுதான் பெரிய பாடு. நாலு சோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினேன், பின்னேர வெயிலுக்குக் கிடுகு சாத்தினேன்.

பூ பெரிதாக விரிய வேண்டுமென்றால் மனசைக் கல்லாக்க வேணும். கொப்பு நுனியில் மூன்று மொட்டு சேர்ந்து வரும், நடுவில் உள்ளதை விட்டு, பக்கத்து இரண்டையும் பயறளவில் இருக்கும்போதே நகத்தால் கிள்ளிவிட வேண்டும். அம்மா "ஐயோ பாவம்" என்றா. சித்திரைக் கடைசியில், கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்குமுன், சாப்பாட்டுக் கோப்பை அகலத்தில் முதல் பூ விரிந்தது.