பாலக்காட்டில் ஃபிளாட் சங்கத்தையும் பராமரிப்பு நிறுவனத்தையும் முறையாக நடத்துவது எப்படி?

பாலக்காட்டில் ஃபிளாட் வாங்கி, மாநில எல்லையிலுள்ள வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூருக்கு வேலைக்குச் செல்பவர்கள், தமிழ்நாட்டில் உறவினர் வீட்டுச் சங்கம் நடக்கும் முறையே இங்கும் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கு பொருந்துவது 1983ஆம் ஆண்டின் கேரள அடுக்குமாடி உடைமைச் சட்டம். சங்கத்தைச் சொசைட்டியாகப் பதிவு செய்வதாக இருந்தால், பழைய மலபாரைச் சேர்ந்த பகுதிகளுக்கு 1860ஆம் ஆண்டுச் சட்டமும், பழைய திருவிதாங்கூர்–கொச்சிப் பகுதிகளுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டமும் பொருந்தும். ராஜ்யங்கள் போய்விட்டாலும் அவற்றின் எல்லைகள் பதிவு அலுவலகத்தில் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் மட்டும் வாளையாறுக்கு இருபுறமும் ஒன்றே.

சங்கம் பொறுப்பேற்கும் வரை, நியாயமான கட்டணத்தில் அத்தியாவசியப் பராமரிப்பைச் செய்துதர வேண்டியவர் பில்டர் என்று ரெரா கூறுகிறது. பொறுப்பேற்கும் நாளில் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், குடியேற்றச் சான்று, லிஃப்ட் உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று ஆகியவற்றைச் சங்கமே கையெழுத்திட்டுப் பெற வேண்டும். வீடு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால், அதைக் கட்டணமின்றிச் சரிசெய்வது பில்டரின் கடமை. ஆகவே விரிசலைப் பராமரிப்பு நிறுவனத்தின் மேலாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுக் காத்திராமல், சங்கத்தின் பெயரில் பில்டருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள்.

அதன்பின் நிறுவனத்தை அமர்த்தலாம். வரவு செலவுத் திட்டம், மாதக் கட்டணம், துணைவிதி, பெரிய பழுதுக்கான ஒப்புதல் ஆகியவை பொதுக்குழுவுக்கும் நிர்வாகக் குழுவுக்கும் உரியவை. காவலாளி, துப்புரவு, பம்பு, ஜெனரேட்டர், கழிவுநீர் சுத்திகரிப்பு ஆகியவற்றை அன்றாடம் நடத்துவது நிறுவனத்தின் வேலை. இந்த வேலைப் பிரிவினையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். எந்தத் தொகை வரை மேலாளர் தாமே செலவழிக்கலாம், ஒவ்வொரு நேரத்துக்கும் எத்தனை ஆட்கள், ஆள் வராத நாளுக்கு எவ்வளவு பிடித்தம் என்பவற்றை எண்ணாகக் குறிப்பிடாத ஒப்பந்தம் வெறும் காகிதமே.

பணத்தில் இன்னும் கண்டிப்பு தேவை. மாதக் கட்டணமும் வைப்பு நிதியும் சங்கத்தின் வங்கிக் கணக்கிலேயே இருக்க வேண்டும். இரு நிர்வாகிகளின் கையெழுத்தின்றி ஒரு ரூபாயும் வெளியேறக் கூடாது. வசூலை நிறுவனம் தன் கணக்கில் வாங்கிச் செலவழிக்கும் ஏற்பாடு எவ்வளவு வசதியாகத் தோன்றினாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஊழியர்களுக்குப் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய ரசீதைப் பில்லுடன் கேட்டு வாங்குங்கள். நிறுவனம் கட்டாமல் விட்டால் அந்தப் பொறுப்பு சங்கத்தின் தலையில் விழக்கூடும். உறுப்பினர் ஒருவரின் மாதக் கட்டணம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால், அக்கட்டணத்துக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு.

மலையாளம் வாசிக்கத் தெரியாத உரிமையாளர்கள் இருக்கும் கட்டடத்தில் கூட்ட அறிவிப்பையும் தீர்மானத்தையும் தமிழிலும் சுற்றுக்கு விடுவது நல்லது. பின்னாளில் எழும் சச்சரவுகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

நிறுவனத்தை மாற்ற நேர்ந்தால், ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்புக் காலத்தைக் கடைப்பிடித்து, சாவிகள், டீசல் கணக்கு, பழுதுப் பதிவேடு, லிஃப்ட்டுக்கான ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் அசல், வெளியாட்களுக்குத் தர வேண்டிய பாக்கி ஆகியவற்றைப் பட்டியலிட்டு இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து ஆகும்வரை கடைசி மாதப் பில்லை நிறுத்திவைக்கும் உரிமையையும் தொடக்க ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.