பரணைக் காலி செய்யப் போகிறவர்களுக்கு

போன வாரம் சித்தப்பா மகன் ஊரிலிருந்து பேசினான். சித்தப்பாவின் காரியம் முடிந்து அப்போது மூன்று நாள்தான் ஆகியிருந்தது. "அண்ணே, பரணைக் காலி பண்றோம். ஞாயித்துக்கிழமை ராத்திரி ரயில்" என்றான். எனக்குப் பகீர் என்றது. அப்பா போனபோது நானும் இதையேதான் யாரிடமோ சொன்னேன்.

இறப்புச் சான்றிதழ் வாங்கு, வீட்டைப் பூட்டு என்பதெல்லாம் ஊரே சொல்லித்தரும். அதை விடுங்கள். நான் செய்ததும் பார்த்ததுமான தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பழைய காகிதம்தானே என்று எடைக்குப் போடுவது

கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர். பரணில் ஆறு மஞ்சப்பை இருந்தன. இரண்டைப் பிரித்தோம். ஒன்றில் கல்யாணப் பத்திரிகைகள், இன்னொன்றில் கரண்ட் பில் ரசீதுகள். மீதியும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்தது நான்தான். பழைய பேப்பர்காரர் தராசில் வைத்து 38 கிலோ என்றார். அந்தக் காசில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கி வந்தேன்.

இரண்டு வருடம் கழித்து, வீட்டை எடுத்துக் கட்ட தம்பி கடன் கேட்டுப் போனான். வங்கியின் வக்கீல் மூலப்பத்திரம் கேட்டார். தாத்தா 1962-இல் கிரயம் வாங்கிய பத்திரம் அது. பழைய பேப்பரோடு போயிருந்தது. அப்போது 1975-க்கு முந்தைய வில்லங்கச் சான்று பொதுவாக இணையத்தில் வராது; மனுப் போட்டுப் பழைய புத்தகங்களைத் தேட வைத்தோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைத்தது. வக்கீலுக்கு அது போதவில்லை. போலீஸில் புகார், பேப்பரில் விளம்பரம், 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று ஒரு சான்று என எட்டு மாதம் ஓடியது. எப்படித் தொலைந்தது என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். பஜ்ஜி தின்றோம் என்றா சொல்வது?

இதைவிட எரிச்சல் வேறொன்று. விளம்பரம் வந்த அன்றைக்குத்தான் அம்மா சொன்னார்: "சிவப்பு நூல் கட்டின பையிலதானே இருந்துச்சு." நாங்கள் எடைக்குப் போட்டபோது அவர் ரேழியில்தான் உட்கார்ந்திருந்தார். துக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று யாரும் கேட்கவில்லை.

எனவே எல்லாப் பையையும் பிரியுங்கள். பஞ்சாங்கத்தை உதறுங்கள், சாமி படத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். அந்தத் தலைமுறை பீரோவை அவ்வளவாக நம்பியதில்லை.

நாமினிதான் சொந்தக்காரர் என்று நினைப்பது

வங்கிக் கணக்கில் நாமினி பணத்தை வாங்கி வைத்திருக்கும் ஆள், அவ்வளவுதான். பங்கு வாரிசுகளுக்கு. உயில் இல்லாவிட்டால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவின் சொந்தச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்களோடு அவரைப் பெற்றவளுக்கும் சம பங்கு உண்டு. பாட்டி உயிரோடு இருந்தும் வாரிசுச் சான்றிதழ் மனுவில் அவர் பெயரை விட்டுவிட்டு, தாலுகா ஆபீசுக்குத் திரும்ப நடக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் ஏடிஎம் கார்டு

தொடாதீர்கள்.

அம்மாவை அதே ரயிலில் கூட்டி வருவது

நாங்கள் கூட்டி வந்தோம். எட்டாம் நாள் அம்மா பையைக் கட்டிவிட்டார். ஓடு மாற்ற ஆள் வருகிறானாம். அப்படி யாரும் வருவதாக இல்லை. சரி என்று கொண்டுபோய் விட்டேன்.

சித்தப்பா மகனிடம், சித்தி எங்கே என்று கேட்டேன்.

"கீழ ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க" என்றான்.

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.