மெக்கானிக்கல் படித்தவர் பயோமெடிக்கல் பிஎச்டிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

மெக்கானிக்கலில் பி.இ. முடித்துவிட்டு அமெரிக்காவில் பயோமெடிக்கல் பிஎச்டிக்கு விண்ணப்பிக்க நினைக்கிறீர்களா? தயங்க வேண்டாம். உயிர் இயந்திரவியலின் தந்தை எனப் போற்றப்படும் ஒய்.சி. ஃபங், துறை மாறி வந்தவர்தான்: 1948-இல் கால்டெக்கில் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) பிஎச்டி முடித்து, விமான இறக்கைகளின் அதிர்வை ஆராய்ந்தவர். 1966-இல் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே உயிரிப் பொறியியல் துறையை உருவாக்கியவர்களில் ஒருவரானார்.

படி 1: ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

"பயோமெடிக்கலில் ஆர்வம்" என்பது போதாது. வீங்கிய ரத்தக்குழாயில் ரத்தம் எப்படிச் சுழல்கிறது என்பது ஆராய்ச்சிக் கேள்வி. அதற்கு நீங்கள் படித்த ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் அப்படியே கைகொடுக்கும். செயற்கை மூட்டு என்றால், பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறை உதவும்.

படி 2: லேப் எந்தத் துறையில் இருக்கிறது?

இதைத்தான் பலர் பார்ப்பதில்லை. ரத்த ஓட்டம், செயற்கைக் கால் போன்ற ஆராய்ச்சிகள் பல பல்கலைக்கழகங்களில் மெக்கானிக்கல் துறையிலேயே நடக்கின்றன. ஒரே பேராசிரியர் இரண்டு துறைகளிலும் இருப்பார். அப்படியானால் மெக்கானிக்கல் வழியாகவே விண்ணப்பித்து அதே லேபில் சேரலாம். சேர்ந்தபின் எழுத வேண்டிய தகுதித் தேர்வு துறைக்குத் துறை மாறும் என்பதால், அதன் பாடங்களையும் முன்பே பாருங்கள். பேராசிரியர் பக்கத்தில் அவர் எதில் பட்டம் பெற்றார் என்றும் பாருங்கள். துறை மாறி வந்தவருக்கு உங்கள் நிலை எளிதில் புரியும்.

படி 3: இடைவெளியை நிரப்புங்கள்

உடலியங்கியலில் என்பிடெல் (ஐஐடிகள் நடத்தும் இணையவழிப் பாடத் தளம்) பாடம் ஒன்றை எடுத்துத் தேர்வும் எழுதுங்கள். ஆனால் சான்றிதழைவிட ஒரு சின்ன வேலை அதிகம் பேசும் என்பது என் கருத்து. சிம்வாஸ்குலர் என்ற இலவச மென்பொருளில் ஒரு தமனியின் ரத்த ஓட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். பெரிய தமனிகளில் ரத்தத்தைப் பெரும்பாலும் நியூட்டோனியத் திரவமாகவே (ஓட்டத்தின் வேகம் மாறினாலும் பாகுத்தன்மை மாறாத திரவம்) எடுத்துக்கொள்வார்கள். குழாயின் விட்டம் சிவப்பணுவின் அளவை, அதாவது சுமார் 8 மைக்ரானை, நெருங்கும்போது அந்த அனுமானம் செல்லாது. ஏன் என்று உங்கள் சொற்களில் விளக்க முடிந்தால், நேர்காணலில் பாதி பயம் போய்விடும்.

படி 4: எஸ்ஓபி (ஏன் விண்ணப்பிக்கிறீர்கள் என்று விளக்கும் நோக்கக் கட்டுரை)

சின்ன வயதுக் கனவில் தொடங்காதீர்கள். கேள்வி, அதற்காக இதுவரை செய்தது, இன்னும் கற்க வேண்டியது, யாரிடம் வேலை செய்ய விருப்பம் என்ற வரிசை போதும். துறை மாறுவதற்கு மன்னிப்புக் கேட்கும் தொனி வரவே கூடாது.

படி 5: பரிந்துரைக் கடிதங்கள்

பொதுவாக மூன்று கேட்பார்கள். உங்களைச் சரியாகத் தெரியாத துறைத் தலைவரைவிட புராஜெக்ட் கைடு எழுதுவதே மேல். புதிய துறையிலிருந்து ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

படி 6: தேதிகள்

பெரும்பாலான கடைசித் தேதிகள் டிசம்பரில் வரும். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பேராசிரியர்களுக்குச் சுருக்கமாக மெயில் அனுப்புங்கள். அவருடைய ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டு எழுதுங்கள். ஜிஆர்ஈ என்ற நுழைவுத் தேர்வு இப்போது பல துறைகளில் கட்டாயமில்லை, ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். நிதியுதவியோடு இடம் கிடைத்தால், பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு. அதற்குள் அந்த லேபின் மாணவர் ஒருவரிடமாவது பேசிவிடுங்கள்.