உறைபனி வருமுன் வெளிக்குழாயை வடித்துவிடுங்கள்

குளிர்நாட்டில் புது வீட்டுக்குக் குடிபோனதும் வெளிச்சுவரைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். செடிக்கு நீர் விடவோ வண்டி கழுவவோ எங்காவது ஒரு குழாய் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ரப்பர் ஹோஸ் மாட்டியிருந்தால், குளிர் தொடங்குமுன் கழற்றிவிடுங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

குழாயில் தண்ணீர் வராததே கவலை என்று வளர்ந்தவர்களுக்கு, குழாயில் தண்ணீர் நிற்பதும் கவலைதான் என்பது புதிது. தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. பைப்புக்குள் பனிக்கட்டி அடைத்துக்கொண்டால், அந்த அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே சிக்கிய நீருக்குப் போக வழியில்லை. கட்டி வளர வளர நீரின் அழுத்தம் ஏறி, செம்புப் பைப்பையும் கிழித்துவிடும். அதனால்தான் வெடிப்பு பல சமயம் உறைந்த இடத்தில் இல்லாமல் சற்றுத் தள்ளி இருக்கிறது.

கிழிந்த உடனே நீர் கசியாது என்பதுதான் இதில் பொல்லாத விஷயம். பனிக்கட்டியே தக்கையாக நின்று தடுத்துக்கொண்டிருக்கும். அது இளகும் நாளிலோ, வசந்தத்தில் முதல்முறை குழாயைத் திறக்கும்போதோ சுவருக்குள் நீர் கொட்டத் தொடங்கும். வெளியே குழாய் ஒழுங்காக ஓடுவதுபோலவே தெரியும். உள்ளே தரை ஊறிக்கொண்டிருக்கும்.

ஆகவே குழாயின்மேல் எதைச் சுற்றலாம் என்பதைவிட, உள்ளே நிற்கும் நீரை எப்படி வெளியேற்றலாம் என்று யோசியுங்கள். நுரைப்பஞ்சு உறை ஒன்றை வாங்கி மாட்டியதும் வேலை முடிந்தது என்று இருப்பவர்கள் ஏராளம். உறை வெப்பத்தை உண்டாக்காது. இருக்கும் வெப்பம் போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஓரிரவு லேசான உறைபனிக்கு அது தாங்கும். நாள்கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழேயே கிடந்தால் உறைக்குள்ளேயே உறைந்துவிடும்.

வெளிக்குழாய்க்குப் போகும் பைப்பில், வீட்டுக்குள் பெரும்பாலும் ஒரு தனி வால்வு இருக்கும். நிலவறையிலோ, சமையலறைத் தொட்டிக்கு அடியிலோ, அந்தக் குழாய்க்கு நேர் உட்புறத்திலோ தேடுங்கள். வட்டப்பிடி என்றால் கடிகாரம் சுற்றும் திசையில் திருகி மூடவேண்டும்; நீளப்பிடி என்றால் அது பைப்புக்குக் குறுக்காக நிற்கவேண்டும். பிறகு வெளியே போய்க் குழாயை முழுவதும் திறந்துவிடுங்கள். ஓட்டம் நின்றதும் உள்ளே வந்து, வால்வின் பக்கத்தில் சிறிய மூடி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். கீழே வாளியை வைத்து அதைத் திருகினால், காற்று நுழைந்து மிச்சநீர் இறங்கிவிடும். மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, வெளிக்குழாயை மட்டும் குளிர்காலம் முழுவதும் திறந்தே விடுங்கள். யாராவது நல்லெண்ணத்தில் அதை மூடிவிடுவார்கள் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் முன்பே சொல்லிவையுங்கள்.

நெடுநேரம் கழித்தும் சொட்டு நிற்கவில்லை என்றால் உள்வால்வு சரியாக மூடவில்லை, வாஷர் தேய்ந்திருக்கலாம். பிளம்பரை இலையுதிர் காலத்திலேயே அழையுங்கள். முதல் கடுங்குளிர் வாரத்தில் அவரைப் பிடிப்பது எளிதல்ல.

சில வீடுகளில் உறைபனி தாங்கும் குழாய் பொருத்தியிருப்பார்கள். கைப்பிடி வெளியே இருந்தாலும், நீரை அடைக்கும் வால்வு நீண்ட தண்டின் மறுமுனையில், சுவருக்கு உள்ளே சூடான பக்கத்தில் இருக்கும். மூடியதும் தண்டில் மிஞ்சிய நீர் தானாக வெளியே வடியும்படி சற்றுச் சாய்வாகப் பொருத்துவார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஹோஸ் மாட்டியபடியே விட்டால் நீர் வடிய முடியாது, தண்டு சுவருக்குள்ளேயே வெடிக்கும். ஹோஸை முதலில் சொன்னதற்கு இதுவே காரணம்.

வடிக்க முடியாத பைப்புகளும் உண்டு. சூடில்லாத கார்க் கொட்டகையிலும், பரணிலும், வெளிச்சுவரை ஒட்டியும் ஓடுபவை அவை. இவற்றுக்குத்தான் உறை தேவை. மூலைகளிலும் இணைப்புகளிலும் இடைவெளி விடாமல் மூடுங்கள். கம்பி நுழையும் சிறு துளை வழியாக வீசும் குளிர்காற்றுகூட ஒரு பைப்பை உறையவைக்கும் என்பதால் துளைகளையும் அடையுங்கள். மின்சார வெப்பக் கம்பி சுற்றுவதானால் தெர்மோஸ்டாட் (வெப்பநிலைக்கு ஏற்பத் தானாக இயக்கி அணைக்கும் கருவி) உள்ளதை வாங்கி, தயாரிப்பாளர் சொன்னபடியே பொருத்துங்கள். சாதாரண வகையை அதன்மேல் அதுவே படும்படி சுற்றினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. கடுங்குளிர் இரவுகளில் வெளிச்சுவர்த் தொட்டிக்கு அடியிலுள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, குழாயைச் சொட்டுச்சொட்டாக ஓட விடுங்கள். அந்தச் சொட்டு அழுத்தம் ஏறாமல் காக்கும். ஊருக்குப் போவதானாலும் வெப்பத்தை அணைத்துவிடாதீர்கள். 13 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வைத்துவிட்டுப் போங்கள். வெப்பமில்லாமல் பூட்டிக் கிடந்த வீட்டில் பைப் வெடித்தால் இழப்பீடு தர மறுக்கும் காப்பீடுகள் உண்டு.

வாடகை வீடு என்றால் வால்வு எங்கே, வடிப்பது யார் பொறுப்பு என்று உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வீடு முழுவதற்குமான முதன்மை வால்வு இருக்கும் இடத்தையும் அப்போதே காட்டச் சொல்லி, ஒருமுறை உங்கள் கையால் மூடித் திறந்து பாருங்கள். நீர் பீறிடும் நள்ளிரவு அதைத் தேடுவதற்கான நேரம் அல்ல.

உறைந்தே போய்விட்டதா? அந்தக் குழாயைத் திறந்து வையுங்கள். குழாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கி ஹேர் டிரையராலோ வெந்நீரில் நனைத்த துணியாலோ மெல்லச் சூடாக்குங்கள். தேங்கிய நீர் இருந்தால் மின்கருவி வேண்டாம். நெருப்பு எந்த வடிவிலும் கூடாது. பைப் வீங்கியோ கீறியோ தெரிந்தால் முதன்மை வால்வை மூடிவிட்டு பிளம்பரை அழையுங்கள்.

வசந்தத்தில் வெளிக்குழாயை மூடிவிட்டு, உள்வால்வை மெல்லத் திறந்து, பைப்பில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு குழாயைத் திறந்து அதன் வாயைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நீர் பீறிட்டுத் தள்ளினால் நல்லது. விரலாலேயே எளிதாக அடைத்துவிட முடிந்தால், சுவருக்குள் வேறு எங்கோ நீர் போய்க்கொண்டிருக்கக்கூடும். உள்வால்வை உடனே மூடுங்கள்.