மாறிய சிசிஎன்ஏ தேர்வுக்கு நெல்லையிலிருந்து ஆயத்தமாகும் முறை

சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழ்த் தேர்வான சிசிஎன்ஏவை எழுத எண்ணுபவர் முதலில் செய்ய வேண்டியது, தம் கையில் இருக்கும் நோட்ஸ் எந்தத் தேர்வுக்காக எழுதப்பட்டது என்று பார்ப்பதே ஆகும். பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை வட்டாரத்தில் சீனியர்களிடமிருந்து ஜெராக்ஸாகக் கைமாறி வரும் கட்டுகளில் ஆர்ஐபி, ஈஐஜிஆர்பி, விடிபி, பிபிபி என்ற நெட்வொர்க் நெறிமுறைகள் பக்கம் பக்கமாக இருந்தால், அது 2020 பிப்ரவரி 23 அன்றோடு முடிந்துபோன, 200-125 என்ற எண்ணுள்ள தேர்வுக்கு உரியது. மறுநாள் தொடங்கிய 200-301 தேர்வில் இவற்றுக்குத் தனி இடம் இல்லை. தேர்வை இரண்டு தாள்களாகப் பிரித்து எழுதும் வழியும் அன்றோடு மூடப்பட்டது. அதற்குப் பின்னும் 2024 ஆகஸ்ட் 20 முதல் 1.1 என்ற திருத்தப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. தேர்வு எண் மாறாமல் பதிப்பு மட்டும் மாறியதால், ‘200-301’ என்று அட்டையில் அச்சிட்ட எல்லாப் புத்தகங்களும் புதியவை என்று நம்பிவிடக் கூடாது. நெட்வொர்க் வேலைகளைத் தானாகச் செய்யும் ஆட்டோமேஷன் கருவிகளில் பப்பெட், செஃப் ஆகியவை நீங்கி டெர்ராஃபார்ம் இருக்கிறதா, செயற்கை நுண்ணறிவு பற்றிய பகுதி இருக்கிறதா, சுவிட்சுகளிடையே தரவு சுழன்றுகொண்டே இருப்பதைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயில் ரூட் கார்டு, பிபிடியு கார்டு என்ற காப்புகள் பேசப்படுகின்றனவா என்று பார்த்தாலே பதிப்பு தெரிந்துவிடும்.

சிஸ்கோ தளத்தில் பாடத்திட்டத் தாள் இலவசமாகக் கிடைக்கிறது. அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். ரவுட்டிங் அடங்கிய ஐபி கனெக்டிவிட்டிக்கு 25 விழுக்காடு, நெட்வொர்க் அடிப்படைக்கும் நெட்வொர்க் அக்சஸுக்கும் 20 வீதம், பாதுகாப்புக்கு 15, ஐபி சேவைகளுக்கும் ஆட்டோமேஷனுக்கும் 10 வீதம் என்று அதில் பங்கு பிரித்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தது என்பதற்காக ஆட்டோமேஷனிலேயே நேரம் முழுவதையும் செலவிடுவோர் உண்டு. ரவுட்டிங்கில் தடுமாறுபவரை அந்தப் பத்து விழுக்காடு காப்பாற்றாது என்பது என் கருத்து.

வினாக்களின் வடிவம் தனியாகக் கவனிக்கத்தக்கது. இடையில் சில காலம் காணாமல் போயிருந்த லேப் வினாக்கள் மீண்டும் வந்துவிட்டன. திரையின் ஒரு பக்கத்தில் செய்ய வேண்டிய பணிகளும் மறுபக்கத்தில் ரவுட்டர், சுவிட்சுகளின் படமும் கட்டளைத் திரையும் இருக்கும். அங்கே விடையைத் தேர்ந்தெடுக்க முடியாது, கட்டளைகளைத் தட்டச்சு செய்தே ஆக வேண்டும். ஆகவே படிப்பதைப் பாதியாகக் குறைத்து, சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி கணக்கின் வழியாக இலவசமாகக் கிடைக்கும் பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருளில் நாள்தோறும் ஒரு லேப் செய்வதே சரியான வழி.

பயிற்சிக்கு ஒரு கணக்கு: ஜங்ஷனில் தலைமைக் கடையும், தென்காசியிலும் அம்பாசமுத்திரத்திலும் கிளைகளும் உள்ள ஜவுளி நிறுவனம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். 192.168.40.0/24 என்ற முகவரித் தொகுதியிலிருந்து தலைமைக் கடைக்கு 100, தென்காசிக்கு 50, அம்பாசமுத்திரத்துக்கு 20 கருவிகள் தேவை. பெரியதிலிருந்து பிரித்தால் 40.0/25, 40.128/26, 40.192/27 என்று அமையும். கடைகளை இணைக்கும் முதல் லிங்குக்கு 40.224/30, அடுத்ததற்கு 40.228/30. இதைத் தாளில் எழுதாமல் மனத்தால் போடும் வரை பழகுங்கள். பிறகு விஎல்ஏஎன் (ஒரே சுவிட்சில் பிரிக்கப்பட்ட தனி நெட்வொர்க்குகள்), டிரங்க் (பல விஎல்ஏஎன்களைச் சுமக்கும் இணைப்பு), ஒற்றை ஏரியா ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் வழியறியும் நெறிமுறை), நேட் (முகவரி மாற்றம்), எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை அணுகல்) ஆகியவற்றை அதன்மேல் அமைத்து, ஒவ்வொன்றுக்கும் நிலையைக் காட்டும் ஷோ கட்டளை கொடுத்துச் சரிபாருங்கள். ஓஎஸ்பிஎஃப் நெய்பர், அதாவது அண்டை ரவுட்டர், ‘ஃபுல்’ என்ற முழு இணைப்பு நிலைக்கு வந்ததைக் கண்ணால் பார்க்காதவரை அந்தப் பணி முடிந்ததாகக் கொள்ள வேண்டாம். இதைவிடப் பயன்தரும் பயிற்சி, உடன் படிக்கும் நண்பரிடம் அந்த லேபைக் கொடுத்து, ஏரியா எண்ணை மாற்றியோ, ஹலோ டைமரைக் கூட்டியோ, டிரங்கில் ஒரு விஎல்ஏஎன்-ஐ நீக்கியோ கெடுத்துத் தரச் சொல்லி, பிழையை நீங்களே தேடிக் கண்டுபிடிப்பதாகும்.

தேர்வு நேரம் 120 நிமிடங்கள். ஒரு வினாவைக் கடந்து அடுத்ததற்குச் சென்றுவிட்டால் திரும்பி வர முடியாது. பள்ளித் தேர்வில் தெரிந்ததை முதலில் எழுதிவிட்டுத் தெரியாததற்குப் பின்னர் வரும் நம் பழக்கம் இங்கே உதவாது. லேப் வினாக்கள் நேரத்தை விழுங்குவதால், வீட்டிலும் கடிகாரம் வைத்தே செய்து பாருங்கள்.

தேர்வை நடத்தித் தரும் பியர்சன் வியூ தளத்தில் பதிவு செய்யும்போது நம்மவர்க்கு வரும் தனிச் சிக்கல் இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்தாகவும் பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயராக விரிந்தும் இருப்பது நம் பக்கத்து வழக்கம். எந்த அடையாள ஆவணத்தைக் காட்டப்போகிறீர்களோ, அதிலுள்ள எழுத்துக்கூட்டல்படியே கணக்கில் பெயர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 300 டாலர் கட்டணம் செலுத்திய பின்னும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படலாம்.

தேர்வு மையத்துக்குச் செல்வதா, வீட்டிலிருந்து எழுதுவதா என்ற கேள்வியில், மதுரை வரை போக நேர்ந்தாலும் மையத்தையே நான் பரிந்துரைப்பேன். வீட்டில் எழுதுவோர் காகிதமும் பேனாவும் வைத்துக்கொள்ள முடியாது. திரையில் உள்ள வெள்ளைப் பலகையில்தான் கணக்குப் போட வேண்டும். அறைக்குள் வேறொருவர் நுழைந்தாலே தேர்வு ரத்தாகலாம். அப்படியும் வீட்டில்தான் எழுத வேண்டியிருந்தால், ஊரில் கோயில் கொடை நடந்து மைக் செட் முழங்கும் நாளையும், சாரல் காற்றில் மின்சாரம் போய்ப் போய் வரும் ஆனி, ஆடி மாதங்களையும் தவிர்த்து நாள் குறியுங்கள். இன்வெர்ட்டரில் கணினியோடு மோடத்தையும் இணைத்துவிடுங்கள்.

தேர்ச்சி பெற்றால் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். தவறினால் ஐந்து நாள் கழித்துத்தான் மீண்டும் எழுத முடியும். ஆறாம் நாளே எழுத ஓடாமல், எந்தப் பகுதி கைகொடுக்கவில்லையோ அந்தப் பகுதியின் லேப்களை முதலிலிருந்து செய்து முடித்த பிறகு நாள் குறியுங்கள், ஏனெனில் கட்டணத்தை மறுபடியும் முழுமையாகச் செலுத்த வேண்டும்.